போடோ/கிளிம்ட்: ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஒரு கால்பந்துக் கழகம்

கேட்கப்பட்ட கேள்வி இது: ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட போடோ என்னும் நார்வே நகரத்தின் கழகம், 2017 வரை அந்நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ஓர் அணி, மான்செஸ்டர் சிட்டி போன்ற பெரும் அணிகளை எப்படித் தோற்கடிக்கிறது? பின்னணியில் பணக்கார உரிமையாளர் யாரேனும் இருக்கிறாரா, அல்லது குளிரும் செயற்கைப் புல்தரையும்தான் காரணமா? இந்த நிலை நீடிக்குமா?

உரிமையாளர் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். அப்படி ஒருவரும் இல்லை. நார்வேயில் கால்பந்துக் கழகங்கள் அடிப்படையில் உறுப்பினர்களின் சங்கங்கள். வளைகுடா நாட்டு நிதியமோ அமெரிக்க முதலீட்டாளரோ வந்து ஒரு கழகத்தை முழுவதுமாக விலைக்கு வாங்கிவிட அங்கே இடமில்லை. குளிர், செயற்கைப் புல் ஆகியவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். ஆனால் இந்தக் கதையை 2017-இலிருந்து தொடங்குவதே பிழை என்பது என் கருத்து. இன்றைய போடோ/கிளிம்ட் அணியைப் புரிந்துகொள்ள, நார்வேக் கால்பந்து தன் வடபகுதியைப் பல பத்தாண்டுகள் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போடோ, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே, நூர்லான் மாநிலத்தின் கடற்கரையில் உள்ள ஊர். ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை இரண்டாம் வாரம் வரை அங்கே சூரியன் மறைவதில்லை. டிசம்பரில் பகல் என்பது நண்பகலையொட்டிய சில மணி நேர மங்கல் வெளிச்சம் மட்டுமே. மீன்பிடியையும் துறைமுகத்தையும் நம்பி வளர்ந்த இந்த ஊரில் 1916 செப்டம்பரில் ‘கிளிம்ட்’ என்ற பெயரில் கழகம் தொடங்கப்பட்டது. அதே பெயரில் நாட்டில் வேறொரு கழகமும் இருந்ததால், குழப்பத்தைத் தவிர்க்க 1948-இல் ஊரின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. இதற்கிடையே 1940 மே 27 அன்று ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசி நகரின் பெரும்பகுதியை எரித்துவிட்டன. இன்று நாம் காணும் போடோ, போருக்குப் பின் ஏறக்குறைய புதிதாகக் கட்டப்பட்ட ஊர். அதனால்தான் நார்வேச் சுற்றுலா அஞ்சலட்டைகளில் வரும் பழைய மரவீட்டுத் தெருக்கள் அங்கே அதிகம் இல்லை.

நார்வேயின் தேசியக் கோப்பைப் போட்டி 1902-இல் தொடங்கியது. ஆனால் வட நார்வேக் கழகங்கள் அதில் கலந்துகொள்ள 1963 வரை அனுமதிக்கப்படவில்லை. முதல்நிலை லீக்கின் கதவு அவர்களுக்கு 1972-இல்தான் திறந்தது. தொலைவும் பயணச் செலவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன. வடக்கத்திய அணிகளின் தரம் போதாது என்பது மற்றொன்று. முதல் காரணத்தில் ஓரளவு உண்மை உண்டு. தெற்கிலிருந்து வரும் ரயில் பாதை போடோவை எட்டியதே 1962-இல்தான். ட்ரோண்ட்ஹெய்ம் நகரிலிருந்து அந்தப் பாதையின் நீளம் 700 கிலோமீட்டருக்கு மேல். இரண்டாவது காரணம்தான் வேடிக்கையானது. தரமான அணிகளோடு ஆடவே விடாமல் வைத்துவிட்டு, தரம் இல்லை என்று சொல்வதற்கு என்ன பெயர்? அந்த ஆண்டுகளில் வடக்கத்தியக் கழகங்கள் தங்களுக்குள் ‘வட நார்வேக் கோப்பை’ என்ற தனிப் போட்டியை நடத்திக்கொண்டன. அதில் கிளிம்ட் பலமுறை வென்றது. ஆனால் அந்த வெற்றிகளைத் தலைநகரில் யாரும் ஒரு பொருட்டாகக் கருதவில்லை.

இதன் விளைவை ஹரால்ட் பெர்க் என்ற ஒரு மனிதரின் வாழ்க்கையில் தெளிவாகப் பார்க்கலாம். போடோவைச் சேர்ந்த அவர் அக்காலத்து நார்வேயின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். சொந்த ஊர்க் கழகத்தில் இருந்தால் முதல்நிலை லீக்கில் ஆட முடியாது என்பதால் ஒஸ்லோவின் லின் கழகத்துக்குச் சென்றார். 1968-இல் அந்த அணி லீக்கையும் கோப்பையையும் ஒருசேர வென்றது. அதன்பின் நெதர்லாந்தின் ஹேக் நகர அணியில் ஆடிவிட்டு, 1974-இல் ஊர் திரும்பினார். அவருடைய மகன்கள் ஒர்யான், ருனார், அரில்ட் மூவரும் பின்னாளில் கிளிம்டுக்காக ஆடினார்கள். இன்றைய அணியின் நடுக்கள வீரரான பட்ரிக் பெர்க், ஒர்யானின் மகன். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளை அடுக்கிப் பார்த்தால் கழகத்தின் வரலாறு கிட்டத்தட்ட முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. தாத்தா, உரிமைக்காக ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தவர்; பேரன், பிரான்சுக்குப் போய்ச் சில மாதங்களிலேயே விருப்பத்தோடு திரும்பி வந்தவர்.

கதவு திறந்த பிறகும் வாசற்படி உயரமாகவே இருந்தது. 1972-இல் நார்விக் நகரத்தின் மியோல்னர் அணி முதல்நிலைக்கு வந்த முதல் வடக்கத்திய அணியாயிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் ஒரு விதி நடைமுறையில் இருந்தது. தெற்கத்திய இரண்டாம் நிலைப் பிரிவுகளில் முதலிடம் பெற்ற அணிகள் நேரடியாக மேலே போகலாம். வடக்கத்தியப் பிரிவில் முதலிடம் பெற்ற அணியோ, தெற்கில் இரண்டாமிடம் பெற்ற அணிகளோடு மோதி வென்றால்தான் மேலே போக முடியும். போடோ/கிளிம்ட் 1974-இல் தன் பிரிவில் முதலிடம் பெற்றது, தகுதிச்சுற்றில் தோற்றது. 1975-இலும் அதுவே நடந்தது. அந்த 1975-ஆம் ஆண்டிலேயே, இரண்டாம் நிலை அணியாக இருந்துகொண்டே, ஒஸ்லோவின் உல்லெவோல் மைதானத்தில் நடந்த கோப்பை இறுதியாட்டத்தில் ஹௌகெசுண்ட் நகரத்தின் வார்ட் அணியை 2–0 என வென்று, தேசியக் கோப்பையைக் கைப்பற்றிய முதல் வடக்கத்திய அணியாயிற்று. அதாவது, நாட்டின் கோப்பையை வென்ற அணிக்கு நாட்டின் முதல் லீக்கில் ஆடத் தகுதி இல்லை என்று விதி சொன்னது. இந்த முரண்பாடு கிளப்பிய சர்ச்சைக்குப் பிறகு அந்த விதி மாற்றப்பட்டது.

1976-இல் மீண்டும் பிரிவில் வென்று, 1977-இல் முதல்நிலைக்கு வந்த கிளிம்ட், முதல் ஆண்டிலேயே லீக்கில் இரண்டாமிடம் பிடித்தது. கோப்பையின் இறுதியாட்டத்துக்கும் போய் லில்லெஸ்ட்ரோமிடம் 0–1 எனத் தோற்றது. ‘தரம் இல்லாத’ வடக்கைப் பற்றிய வாதத்துக்கு அதைவிடச் சுருக்கமான பதில் தேவைப்படவில்லை.

அந்தக் காலத்திலிருந்தே தொடரும் ஒரு வழக்கத்தை இங்கே குறிப்பிட வேண்டும். கிளிம்ட் ஆட்டத்தை முதன்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது அதைப் பற்றித்தான். ரசிகர்கள் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட மஞ்சள் நிறப் பல்துலக்கிகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறார்கள். எழுபதுகளில் ரசிகர் கூட்டத்தின் பாட்டை நடத்திய ஒருவர், இசைக்குழு நடத்துநரின் கோலுக்குப் பதிலாகப் பல்துலக்கியை வைத்துத் தாளம் காட்டியதிலிருந்து அது பிறந்தது. பிறகு பல்துலக்கி தயாரிக்கும் நிறுவனமே பெரிய அளவில் செய்து கொடுக்க, அது கழகத்தின் அடையாளமாகிவிட்டது. முறைப்படி வடிவமைக்கப்பட்ட சின்னங்களையும் விளம்பர முழக்கங்களையும் காசு கொடுத்து வாங்கும் கழகங்கள் நிறைந்த காலத்தில், இத்தகைய பொருளற்ற பொருள்கள்தான் ரசிகர்களிடம் நிலைக்கின்றன.

எண்பதுகளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. 1980-இல் கீழிறங்கிய கழகம், மூன்றாம் நிலை வரை சரிந்தது. த்ரோன்ட் சொல்லியெட் பயிற்சியாளராக வந்த 1992-இல் முதல்நிலைக்குத் தகுதி பெற்று, 1993-இல் மறுபடியும் அதே பழைய வேலையைச் செய்தது: மேலே வந்த முதல் ஆண்டில் லீக்கில் இரண்டாமிடம், ஸ்ட்ரோம்ஸ்கொட்செட்டை 2–0 என வென்று இரண்டாவது தேசியக் கோப்பை. அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பை வென்றோர் போட்டியில் இத்தாலியின் சம்ப்தோரியாவை போடோவில் 3–2 என வென்று, ஜெனோவாவில் 0–2 எனத் தோற்று வெளியேறியது. அதற்கு முன்பே, 1978-இல் மிலானில் இன்டரிடம் 0–5 என வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவமும் கழகத்துக்கு உண்டு. இத்தாலிய அணிகளோடு இந்த ஊருக்கு உள்ள உறவு பழையது.

அதன்பின் வந்தவை ஏறுவதும் இறங்குவதுமான ஆண்டுகள். 2003-இல் லீக்கிலும் கோப்பையிலும் ட்ரோண்ட்ஹெய்மின் ரோசன்போர்க் அணிக்கு அடுத்து இரண்டாமிடம், 2005-இல் கீழிறக்கம், 2007-இல் ஏற்றம், 2009-இல் மறுபடியும் கீழிறக்கம். 2010 வாக்கில் கடன் முற்றி, கழகம் திவாலாகும் நிலைக்கு வந்தது. ஊர்மக்கள் கைக்காசைப் போட்டுக் காப்பாற்றினார்கள். 2013-இல் ஏறி, 2016-இல் மூன்றாவது முறையாக இறங்கியது. ஓர் அணி இப்படி ஊஞ்சலாடும்போது வழக்கமாக நடப்பது என்ன? பயிற்சியாளரை மாற்றுவார்கள், அனுபவமுள்ள வயதான ஆட்டக்காரர்களைக் குறுகிய ஒப்பந்தத்தில் வாங்குவார்கள், ‘அடுத்த ஆண்டு மேலே வந்தே தீர வேண்டும்’ என்று நிர்வாகம் அறிக்கை விடும். கிளிம்ட் இந்த மூன்றாவது வேலையை நிறுத்தியதுதான் திருப்புமுனை என்று நான் நினைக்கிறேன்.

2017-இல் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஷெட்டில் க்னூட்சன். பெர்கன் பகுதியைச் சேர்ந்தவர், சிறு கழகங்களில் பயிற்சியாளராக இருந்தவர், பெரிய ஆட்டக்காரராக ஒருபோதும் பெயர் பெறாதவர். அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ஓஸ்முண்ட் பியோர்கனுக்கு உதவியாளராகச் சேர்ந்து, அணி முதல்நிலைக்குத் திரும்பிய பிறகு 2018-இல் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பியோர்கன் விளையாட்டு நிர்வாகியாகப் பக்கத்து அறைக்கு மாறினார்; சண்டையில்லாமல் நடந்த இந்த இடமாற்றமே கால்பந்தில் அரிய செய்தி. மற்றவர் பியோர்ன் மன்ஸ்வெர்க், போர் விமானி. போடோ பல பத்தாண்டுகள் நார்வே விமானப்படையின் முதன்மைத் தளமாக இருந்தது. எஃப்-16 விமானங்களின் இரைச்சல் அந்த ஊருக்கு அன்றாட ஒலியாக இருந்தது. 2011-இல் லிபியாவின் மீது நடந்த தாக்குதல்களில் பங்கெடுத்த படைப்பிரிவினருக்கு மனப்பயிற்சி முறை ஒன்று இருந்தது. அதைக் கால்பந்து வீரர்களுக்குக் கற்றுக்கொடுக்க அவரை அழைத்தார்கள்.

அந்தப் பயிற்சியின் சாரம் பெரிய மறைபொருள் அல்ல. ஆட்டம் முடிந்ததும் விமானிகள் செய்வதைப் போல ஒவ்வொருவரும் தன் தவற்றைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டும். பதவியும் வயதும் பார்க்கக் கூடாது. முடிவைப் பற்றிப் பேசக் கூடாது; செய்ய வேண்டிய செயலைப் பற்றித்தான் பேச வேண்டும். லீக்கில் எத்தனையாவது இடம் என்ற இலக்கையே கழகம் வெளியில் அறிவிப்பதில்லை. கோல் வாங்கியதும் கிளிம்ட் வீரர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தால் இது கண்ணுக்குத் தெரியும். மற்ற அணிகளில் கைகளை விரிப்பார்கள், தற்காப்பு வீரரை முறைப்பார்கள், கோல்காப்பாளர் பந்தை உதைத்துத் தள்ளுவார். இவர்கள் வட்டமாகக் கூடி, சில நொடிகள் பேசிவிட்டு, மைய வட்டத்துக்கு நடக்கிறார்கள். அங்கே என்ன நடந்தது, இனி என்ன செய்வது என்பது மட்டுமே பேச்சு. உல்ரிக் சால்ட்னெஸ் என்ற நடுக்கள வீரர், ஆட்டத்துக்கு முந்தைய மன அழுத்தத்தால் வயிறு கெட்டு ஆட்டத்தையே விட்டுவிட எண்ணியிருந்ததைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2025 ஏப்ரலில் இத்தாலியின் லாசியோவை போடோவில் 2–0 என வென்றபோது இரண்டு கோல்களையும் அடித்தவர் அவர்தான்.

ஆனால் விமானியின் கதை பத்திரிகைகளுக்கு மிகவும் இனிப்பான கதை என்பதால், அதற்கு உரியதைவிடக் கூடுதலான இடம் கிடைத்துவிட்டது. என் கணிப்பில் அதற்கு இணையான பங்கு ஆட்டமுறைக்கு உண்டு. க்னூட்சன் 4-3-3 அமைப்பை (தற்காப்பில் நால்வர், நடுக்களத்தில் மூவர், முன்களத்தில் மூவர்) விட்டு அநேகமாக நகர்வதே இல்லை. எதிரணி யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், பந்தை இழந்த நொடியிலேயே மேலேறி நெருக்குவது, கைப்பற்றியதும் மூன்று நான்கு தொடுதல்களில் எதிரணியின் பெட்டிக்குள் சென்றுவிடுவது என்ற ஒரே முறை. நடுக்களத்தின் மூவரில் இருவர் ஓயாமல் முன்கள வீரர்களைத் தாண்டி ஓடுகிறார்கள். ஒருவரை விற்றாலும் அந்த இடத்தின் வேலை மாறுவதில்லை என்பதால், புதியவர் வந்து சேரும்போது கற்றுக்கொள்ள வேண்டியது தெளிவாக இருக்கிறது.

பலன் விரைவில் வந்தது. 2018-இல் பதினொன்றாம் இடம், 2019-இல் இரண்டாம் இடம், 2020-இல் 30 ஆட்டங்களில் 103 கோல்கள், 81 புள்ளிகள், ஒரே ஒரு தோல்வி. வட நார்வேயிலிருந்து ஓர் அணி நாட்டின் சாம்பியனானது அதுவே முதல்முறை. 2021, 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் வென்றார்கள். 2020 செப்டம்பரில் மிலானின் சான் சிரோ மைதானத்தில் 2–3 எனத் தோற்ற தகுதிச்சுற்று ஆட்டத்தில் ஒரு கோல் அடித்த யென்ஸ் பெட்டர் ஹௌகெயை, ஒரு வாரத்துக்குள் ஏ.சி. மிலானே விலைக்கு வாங்கிக்கொண்டது. அவரைத் தொடர்ந்து பலர் போனார்கள்: சிங்கர்நாகல், சொல்பாக்கன், பொனிஃபேஸ், வெட்லெசன், க்ரோன்பெக் எனப் பட்டியல் நீளும். விற்ற பணத்தில் ஒரு பகுதி, வெளியே போய்ச் சரிப்படாத சொந்த ஊர்ப் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவரப் பயன்பட்டது என்பதுதான் இந்தக் கழகத்தின் தனித்தன்மை. பட்ரிக் பெர்க், ஹௌகெ, பழைய பயிற்சியாளரின் மகன் ஃபிரெட்ரிக் பியோர்கன் மூவரும் போடோவில் பிறந்தவர்கள். மூவரும் பெரிய லீக்குகளுக்குப் போய்த் திரும்பியவர்கள்.

ஐரோப்பா இந்தக் கழகத்தை முதன்முதலில் திரும்பிப் பார்த்தது 2021 அக்டோபர் 21 அன்று. ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கழகப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கில், புகழ்பெற்ற பயிற்சியாளர் ஜோசே மொரீன்யோவின் ரோமா அணியை 6–1 என வென்றார்கள். மொரீன்யோவின் பயிற்சியில் இருந்த எந்த அணியும் அதுவரை ஓர் ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கியதில்லை. அன்று ரோமாவின் முதன்மை வீரர்கள் பலர் ஆடவில்லை என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் முழு வலிமையோடு வந்த அதே ரோமாவை போடோவில் 2–1 என வென்று, ரோமில் 0–4 என இழந்தார்கள். 2024–25-இல், இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில், பத்துப் பேரோடு போர்ட்டோவை 3–2 என வீழ்த்தித் தொடங்கி, ஒலிம்பியாக்கோஸையும், பெனால்டி உதைகளில் லாசியோவையும் தாண்டி, ஐரோப்பியப் போட்டி ஒன்றின் அரையிறுதியை எட்டிய முதல் நார்வே அணியானார்கள். அங்கே இங்கிலாந்தின் டாட்டனம் அவர்களை நிறுத்தியது. அந்த ஆட்டத்துக்கான சீட்டுக்கு ஐந்து கிலோ கலைமான் இறைச்சியைப் பண்டமாற்றாகக் கொடுத்த ரசிகரைப் பற்றிய செய்தி அப்போது உலகமெங்கும் பரவியது. ரோமா, டாட்டனம் இரண்டுமே அந்தந்த ஆண்டில் கோப்பையை வென்றன. சாம்பியன்களிடம்தான் தோற்றோம் என்று போடோக்காரர்கள் சொல்லிக்கொள்ள இடமுண்டு.

இனி, குளிரும் செயற்கைப் புல்லும். ஆஸ்ப்மீரா மைதானம் எட்டாயிரத்துச் சொச்சம் பேர் மட்டும் அமரக்கூடியது. செயற்கைப் புல்தரை, கடற்காற்று, குளிர் மூன்றும் வந்தவர்களுக்குத் தொல்லைதான். சொந்த மண்ணில் இவர்கள் பெறும் முடிவுகள் வெளியூரில் பெறுவதைவிட நன்றாக இருப்பதும் உண்மை. ஆனால் 2022-இல் கிளாஸ்கோவில் செல்டிக்கை 3–1 என வென்றதும், 2025 டிசம்பரில் டோர்ட்முண்டில் 2–2 எனச் சமன் செய்ததும், 2026 ஜனவரியில் மாட்ரிட்டில் அத்லெட்டிக்கோவை 2–1 என வென்றதும் இயற்கைப் புல்லில், எதிரணி ரசிகர்களின் நடுவில். அத்துடன், நீங்கள் கேட்ட மான்செஸ்டர் சிட்டி ஆட்டத்தில் ஆட்டப் பருவத்தின் கணக்கு உண்மையில் கிளிம்டுக்குத்தான் பாதகமானது. நார்வே லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் கால இறுதியில் முடிவது. 2026 ஜனவரி 20 அன்று 3–1 என வென்றபோது, அவர்களுடைய உள்நாட்டுப் பருவம் முடிந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. பருவத்தின் நடுவில், வாரம் இரண்டு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த அணியை, விடுமுறைக் காலத்து அணி ஒன்று ஓடி ஓடியே களைக்க வைத்தது. அதைக் குளிரின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நீடிக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போது ஆஸ்ப்மீராவுக்குப் பதிலாகப் பத்தாயிரம் பேருக்கான புதிய மைதானம் கட்டும் திட்டம் இருக்கிறது. ஐரோப்பியப் போட்டிகளின் வருமானம் நார்வேயின் மற்றக் கழகங்களால் எட்ட முடியாத உயரத்துக்குக் கிளிம்டைக் கொண்டுபோய்விட்டது. அதனால் அந்த நாட்டு லீக்கே ஒற்றை அணியின் லீக்காகிவிடும் என்று, தொண்ணூறுகளில் ரோசன்போர்க் தொடர்ந்து பட்டம் வென்றதை நினைவில் வைத்துப் பலர் அஞ்சினார்கள். நடந்ததோ வேறு. ஐரோப்பாவின் தலையாய கழகப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் முதன்மைச் சுற்றில் முதன்முறையாக ஆடிய 2025-ஆம் ஆண்டிலேயே, லீக் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் ஸ்டவாங்கரின் விக்கிங் அணியிடம் இழந்தார்கள். பயணக் களைப்பும் அடுக்கடுக்கான ஆட்டங்களும் சிறிய அணியை அரிக்கவே செய்யும். பெரிய ஆபத்து என்று நான் கருதுவது க்னூட்சன் விலகும் நாளை. ஆட்டக்காரர்களை மாற்றும் வழியைக் கழகம் கண்டுபிடித்துவிட்டது. அந்த முறையை உருவாக்கியவரை மாற்றும் வழியை அது இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. அவருக்குப் பின் வருபவரைக் கழகத்துக்குள்ளிருந்தே எடுக்கிறார்களா, வெளியிலிருந்து பெயர் பெற்ற ஒருவரைக் கொண்டுவருகிறார்களா என்பதைப் பார்த்தால், 2016-இல் கற்றதை எவ்வளவு தூரம் கற்றிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.